கடன்பட்ட மாநிலமும் காத்திருந்த பள்ளிக்கூடமும்



கென்டக்கி என்ற சொல்லை வகுப்பறையில் உச்சரித்தால் போதும், நம் மாணவர்களின் முகம் மலர்ந்துவிடும். அவர்களைப் பொறுத்தவரை அது பொரித்த கோழியின் பெயர். அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நன்னெறிக் கல்விப் பாடவேளையில் கடன், நாணயம், நேர்மை ஆகியவை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அப்பொழுது பலகையில் 'கென்டக்கி, 1824' என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பின், கடனால் இரண்டாகப் பிளந்த அந்த அமெரிக்க மாநிலத்தின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும், ஐயா? அதற்கு ஏன் இவ்வளவு சண்டை?" என்று கேட்டான்.

எளிய கேள்விதான். ஆனால் அதற்கு எளிய விடை இல்லை. அன்று மணி அடித்துவிட்டதால் சொல்லாமல் விட்டதை இங்கே விரிவாக எழுதுகிறேன். மக்கள் படும் துன்பத்திற்கு மருந்து தேடும் பணி, எவர் வெல்வது என்னும் போட்டியாக மாறிவிட்டால் மருந்தும் கெடுகிறது, நோயும் நீடிக்கிறது. கடைசியில் அதன் விலையைக் கொடுப்பவர்கள் பிள்ளைகள். இதுவே என் கருத்து. கென்டக்கியின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாக நிற்கிறது.

செழிப்பும் சரிவும்

கென்டக்கி 1792-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் 15-ஆவது மாநிலமாக இணைந்தது. அப்பலாச்சிய மலைத்தொடரைக் கடந்து குடியேறியவர்கள் அங்கே புகையிலையும் சணலும் சோளமும் பயிரிட்டனர். 1815-இல் பிரிட்டனுடனான போர் முடிந்ததும் ஐரோப்பாவில் அமெரிக்க விளைபொருள்களுக்கு நல்ல விலை கிடைத்தது. நிலத்தின் விலையும் ஏறியது. இன்று வாங்கினால் நாளை இலாபம் என்ற நம்பிக்கையில் மக்கள் கடன் வாங்கி நிலம் வாங்கினர்.

கடன் கொடுக்க வங்கிகளும் காத்திருந்தன. கூட்டரசின் ஆதரவு பெற்ற ஐக்கிய அமெரிக்க வங்கி 1817-இல் லெக்சிங்டன், லூயிவில் ஆகிய நகரங்களில் கிளைகளைத் திறந்தது. 1818-இல் மாநிலச் சட்டமன்றம் ஒரே மூச்சில் நாற்பதுக்கும் மேற்பட்ட புதிய வங்கிகளுக்கு உரிமம் வழங்கியது. அவ்வங்கிகள் அச்சிட்ட பணத்தாள்களுக்குப் பின்னால் பொன்னும் வெள்ளியும் போதிய அளவில் இல்லை. நம்பிக்கை இருக்கும்வரை தாள் பணமாக இருந்தது. நம்பிக்கை போனதும் தாள் தாளாகவே ஆகிவிட்டது.

1819-இல் அமெரிக்கா முழுவதையும் பொருளாதார நெருக்கடி தாக்கியது. ஐரோப்பாவில் வேளாண்மை மீண்டதால் அமெரிக்க விளைபொருள்களின் விலை சரிந்தது. தன் இருப்பைக் காத்துக்கொள்ள ஐக்கிய அமெரிக்க வங்கி கொடுத்த கடன்களைத் திரும்பக் கேட்டது. சிறிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறின. 1820-இல் அவற்றின் உரிமங்களைச் சட்டமன்றமே பறித்துக்கொண்டது.

குடியானவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நல்ல காலத்து விலைக்கு நிலம் வாங்கியிருந்தார். கெட்ட காலத்து விலைக்குப் புகையிலை விற்கவேண்டியிருந்தது. கடன் தொகையோ மாறவில்லை. நிலத்தை ஏலத்தில் விடலாம் என்றால், வாங்குவதற்கு எவர் கையிலும் பணம் இல்லை. எனவே மாடும் கலப்பையும் வீடும் மிகக் குறைந்த விலைக்குப் போயின; அப்படியும் கடன் தீரவில்லை. 'கடன் இல்லாத கஞ்சி கால் வயிறு' என்று நம் முன்னோர் சொன்னார்கள். கென்டக்கிக் குடியானவருக்கு அந்தக் கால் வயிற்றுக் கஞ்சியும் நிச்சயமில்லாமற் போயிற்று.

நிவாரணம் கேட்டவர்களும் மறுத்தவர்களும்

துன்பம் பெருகியபோது மாநில அரசியல் இரண்டாகப் பிரிந்தது. கடன்பட்டவர்களுக்குச் சட்டத்தின் வழியே உதவவேண்டும் என்றவர்கள் நிவாரணக் கட்சி எனப்பட்டனர். ஒப்பந்தத்தை ஒப்பந்தமாகவே மதிக்கவேண்டும் என்றவர்கள் நிவாரண எதிர்ப்புக் கட்சி எனப்பட்டனர். 1820-இல் ஆளுநராகப் பதவியேற்ற ஜான் அடேர் நிவாரணக் கட்சியின் பக்கம் நின்றார். சட்டமன்றத்திலும் அக்கட்சியின் கையே ஓங்கியிருந்தது.

அக்கட்சி மூன்று நடவடிக்கைகளை எடுத்தது. இம்மூன்றையும் நாம் தனித்தனியே எடைபோட வேண்டும்.

முதலாவது, 1821-இல் கடனுக்காக மனிதரைச் சிறையில் அடைக்கும் வழக்கத்தைச் சட்டமன்றம் ஒழித்தது. சிறையில் இருப்பவர் எப்படி உழைத்துக் கடனை அடைப்பார்? இதைவிட அறிவுக்கும் இரக்கத்திற்கும் பொருந்திய சட்டம் அக்காலத்தில் அரிது.

இரண்டாவது, 1820-இன் இறுதியில் காமன்வெல்த் வங்கி என்னும் பெயரில் அரசுக்கே உரிய வங்கி ஒன்றை நிறுவியது. கடன்பட்டவர்களுக்குச் சிறு தொகைகளைக் கடனாக வழங்குவது அதன் நோக்கம். ஆனால் அவ்வங்கிக்கென அரசு தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தது 7,000 டாலர் மட்டுமே. அதுவும் பணத்தாள் அச்சிடத் தேவையான தாளும் தகடும் வாங்குவதற்காக! மற்றபடி அரசு நிலங்களை விற்றுவரும் பணமே அதற்குப் பக்கபலம் என்று சொல்லப்பட்டது. ஈராண்டுகளுக்குள் அவ்வங்கியின் ஒரு டாலர் தாள், சந்தையில் ஏறத்தாழ அரை டாலர் மதிப்புக்கு இறங்கிவிட்டது.

மூன்றாவது, கடன் தவணைச் சட்டம். நீதிமன்றத்தில் வழக்காடி வென்ற கடன்காரர், அதாவது கடன் கொடுத்தவர், காமன்வெல்த் வங்கியின் தாளைப் பெற்றுக்கொள்ள இசைந்தால் மூன்று மாதத்தில் தம் பணத்தைப் பெறலாம். இசையாவிட்டால் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இதை மாணவர்களுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். ஒருவர் 100 டாலரை வெள்ளிக்காசாகக் கடன் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 1822-இல் அவருக்கு 100 டாலர் என்று அச்சிட்ட தாள்கள் நீட்டப்படுகின்றன. அவற்றைக் கொண்டு அவர் 50 டாலர் பெறுமானமுள்ள பொருளைத்தான் வாங்கமுடியும். வேண்டாம் என்றால் ஈராண்டுகள் வெறுங்கையோடு காத்திருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் செல்வந்தர் என்றால் தாங்கிக்கொள்வார். அவரே தம் சிறு சேமிப்பை நம்பி வாழும் கைம்பெண்ணாக இருந்தால்? தம் பண்டத்தைக் கடனுக்குக் கொடுத்த சிறு கடைக்காரராக இருந்தால்? ஒருவரின் கண்ணீரைத் துடைத்த கை, இன்னொருவரின் கண்ணில் நீரை வரவழைத்தது.

நீதிமன்றத்தின் குறுக்கீடு

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முதலாம் பிரிவில் ஒரு விதி உள்ளது. ஒப்பந்தங்களின் கடப்பாட்டைக் குலைக்கும் எந்தச் சட்டத்தையும் மாநிலங்கள் இயற்றக்கூடாது என்பதே அவ்விதி. 1822-இல் ஜேம்ஸ் கிளார்க் என்னும் வட்டார நீதிபதி, கடன் தவணைச் சட்டம் இவ்விதியை மீறுகிறது என்று தீர்ப்பளித்தார்.

சட்டமன்றம் கொதித்தெழுந்தது. கிளார்க்கை நேரில் வரவழைத்து விசாரித்தது. அவரைப் பதவியிலிருந்து நீக்கவேண்டும் என்று பெரும்பான்மையினர் வாக்களித்தனர். ஆனால் நீதிபதியை அவ்வாறு நீக்குவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும் என்பது மாநில அரசமைப்பின் விதி. அந்த அளவு கிடைக்கவில்லை. கிளார்க் தப்பினார்.

1823-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றமும் கிளார்க்கின் தீர்ப்பை உறுதிப்படுத்தியது. அங்கே வீற்றிருந்த நீதிபதிகள் மூவர்: ஜான் பாயில், வில்லியம் அவுஸ்லி, பெஞ்சமின் மில்ஸ். அக்காலக் கென்டக்கியில் அவர்கள் பெயர் அறியாத வீடு இருந்திருக்காது. ஒரு வீட்டில் அப்பெயர் வாழ்த்தப்பட்டது. அடுத்த வீட்டில் சபிக்கப்பட்டது.

ஒரு மாநிலம், இரண்டு உயர் நீதிமன்றங்கள்

1824 ஆகஸ்டுத் தேர்தலில் நிவாரணக் கட்சியின் வேட்பாளர் ஜோசப் டெஷே பெருவெற்றி பெற்று ஆளுநரானார். இவ்வெற்றி நீதிபதிகளை நீக்குவதற்கு மக்கள் தந்த ஆணை என்று அக்கட்சியினர் கருதினர். டிசம்பரில் மூன்று நீதிபதிகளையும் நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தனர். மீண்டும் பெரும்பான்மை கிடைத்தது. மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை.

நேர்வழி அடைபட்டதும் புறவழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நீதிபதிகளை நீக்கத்தானே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்? நீதிமன்றத்தையே கலைத்துவிட்டுப் புதியதொன்றை அமைக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதுமே! அவ்வாறே சட்டம் இயற்றினர். வில்லியம் பாரி என்பவரைத் தலைமை நீதிபதியாகக் கொண்ட புதிய மேல்முறையீட்டு நீதிமன்றம் உருவாயிற்று.

பழைய நீதிபதிகள் அசையவில்லை. எங்கள் நீதிமன்றம் அரசமைப்பினால் உண்டானது, அதைச் சாதாரணச் சட்டத்தால் கலைக்கமுடியாது என்றனர். பழைய நீதிமன்றத்தின் எழுத்தர் அக்கிலீஸ் ஸ்னீட், பதிவேடுகளைப் புதியவர்களிடம் ஒப்படைக்க மறுத்தார். 1825 தொடக்கத்தில் புதிய நீதிமன்றத்தின் எழுத்தரான பிரான்சிஸ் பிளேர், ஆட்களுடன் ஸ்னீடின் அலுவலகத்திற்குள் புகுந்து கைக்கு அகப்பட்ட பதிவேடுகளை எடுத்துச் சென்றார். நீதி வழங்க வேண்டிய இடத்திலேயே வலியவன் கை வென்றது!

இப்படியாகத் தலைநகர் பிராங்ஃபர்ட்டில் இரண்டு நீதிமன்றங்கள், ஒவ்வொன்றும் தானே மெய்யானது என்று உரிமை கொண்டாடின. கட்சிகளும் பெயரை மாற்றிக்கொண்டன. நிவாரணம், நிவாரண எதிர்ப்பு என்ற பெயர்கள் மறைந்து புதிய நீதிமன்றக் கட்சி, பழைய நீதிமன்றக் கட்சி என்ற பெயர்கள் வழங்கலாயின.

இந்தப் பெயர் மாற்றத்தைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். முதலில் இருந்த பெயரில் மக்களின் துன்பமாவது இடம்பெற்றிருந்தது. உதவலாமா, கூடாதா என்பது கேள்வியாக இருந்தது. புதிய பெயரில் குடியானவரைக் காணோம், கடனைக் காணோம், ஏலத்தில் போன மாட்டையும் காணோம். எவருடைய நீதிமன்றம் என்பதே எஞ்சியது. ஓர் அரசியல் இயக்கம் தன் தொடக்கத்தை மறந்துவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்டமுடியுமா?

வாக்குப்பெட்டி தந்த தீர்வு

ஊர் இரண்டுபட்ட அந்நிலையில் உள்நாட்டுக் கலகம் மூண்டுவிடுமோ என்று பலரும் அஞ்சினர். அவ்வாறு நிகழவில்லை. 1825 தேர்தலில் பழைய நீதிமன்றக் கட்சி மக்களவையைக் கைப்பற்றியது. 1826 தேர்தலில் மேலவையும் அதன் கைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் புதிய நீதிமன்றச் சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் டெஷே அதற்கு இசைவு தர மறுத்தார். சட்டமன்றம் அவருடைய மறுப்பையும் மீறிச் சட்டத்தை நிலைநாட்டியது. புதிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள் செல்லாதவை என்று 1829-இல் முடிவாயிற்று. அங்கே வழக்காடியவர்களின் பணமும் காலமும் வீணாயின.

இதற்குள் பொருளாதாரம் மெல்ல மீண்டிருந்தது; கடன் பிரச்சினையின் கடுமை தணிந்திருந்தது. நீதிமன்றப் போர் கடன்பட்ட எவருடைய நிலத்தையும் மீட்டுத்தந்ததாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அப்போரில் முன்னணியில் நின்ற சிலர் உயர்ந்தனர். புதிய நீதிமன்றத்திற்காக எழுதிய இதழாசிரியர் அமோஸ் கெண்டல், எழுத்தர் பிளேர், தலைமை நீதிபதி பாரி ஆகிய மூவரும் அதிபர் ஆண்ட்ரு ஜாக்சனின் அணியில் சேர்ந்து வாஷிங்டன் சென்றனர். பாரி 1829-இல் அஞ்சல்துறைத் தலைவரானார். 1835-இல் அப்பதவி கெண்டலுக்குக் கிடைத்தது. பிளேர் ஜாக்சனின் குரலாக ஒலித்த நாளிதழை நடத்தினார். கென்டக்கியில் வங்கிகளின்மீது மூண்ட சினம், பின்னர் ஐக்கிய அமெரிக்க வங்கியையே வீழ்த்திய ஜாக்சனின் போருக்கு எரிபொருளாயிற்று.

பள்ளிக்கூடத்தின் பங்கு

ஆசிரியனாகிய எனக்கு இந்த வரலாற்றில் நெஞ்சைத் தொட்ட பகுதி இனிமேல்தான் வருகிறது.

1821-இல் கென்டக்கிச் சட்டமன்றம் பொதுப்பள்ளிகளுக்காகக் கல்வி நிதி ஒன்றை உருவாக்கியது. அதற்குப் பணம் எங்கிருந்து? காமன்வெல்த் வங்கியின் இலாபத்தில் பாதியைப் பள்ளிகளுக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்தனர். கடன்பட்டவரைக் கைதூக்கிவிடப் பிறந்த அதே வங்கி, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் வழிசெய்ய வேண்டும் என்பது உயர்ந்த எண்ணம்தான்.

இதற்கான திட்டத்தை வகுக்க அமைத்த குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? பின்னாளில் புதிய நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான அதே வில்லியம் பாரிதான். அக்குழு முன்னாள் அதிபர்கள் ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன் ஆகியோரிடமும் கருத்துக் கேட்டது. 1822-இல் மேடிசன் பாரிக்கு எழுதிய மடல் இன்றும் புகழ்பெற்று விளங்குகிறது. அறிவு பரவாத மக்களிடையே மக்களாட்சி நிலைக்காது என்பதே அம்மடலின் சாரம். பொதுப்பள்ளிகள் வேண்டும் என்று குழு விரிவாக அறிக்கை அளித்தது.

பிறகு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அறிக்கை வந்த அதே ஆண்டில்தான் கிளார்க்கின் தீர்ப்பும் வந்தது. சட்டமன்றத்தின் கண்ணும் கருத்தும் நீதிபதிகள்மீது திரும்பின. வங்கித் தாளின் மதிப்பு சரிந்ததால் கல்வி நிதியின் மதிப்பும் சரிந்தது. சேர்ந்த சிறு தொகையையும் அரசு தன் பிற செலவுகளுக்கு எடுத்துக்கொண்டது. பாரியோ வகுப்பறைக்குத் திட்டம் தீட்டிய கையால் நீதிமன்றப் போரின் கொடியைப் பிடித்துக்கொண்டார்.

பொதுப்பள்ளிகளுக்கான சட்டம் 1838-இல்தான் நிறைவேறியது. 1821-ஆம் ஆண்டில் ஆறு வயதாக இருந்த குழந்தைக்கு அப்பொழுது 23 வயது! அச்சட்டம் வந்தபோது ஆளுநராக இருந்தவர் ஜேம்ஸ் கிளார்க்; ஆம், கடன் தவணைச் சட்டம் செல்லாது என்று 1822-இல் முதலில் தீர்ப்பளித்த அதே கிளார்க். பள்ளி வேண்டும் என்று அறிக்கை எழுதியவர் ஓர் அணியின் தலைவர். பள்ளிச் சட்டம் நிறைவேறியபோது ஆளுநராக இருந்தவர் எதிரணியின் நாயகர். பிள்ளைகள் படிக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் மாறுபாடு இல்லை. இருந்தும் இடையில் பதினேழு ஆண்டுகள் கரைந்துபோயின.

கதை அத்துடன் முடியவில்லை. கூட்டரசு மாநிலங்களுக்குப் பகிர்ந்தளித்த உபரிப் பணத்திலிருந்து 850,000 டாலரை 1838-இல் பள்ளிகளுக்கென ஒதுக்கிக் கடன்பத்திரங்களாக வைத்தனர். 1837-இல் தொடங்கிய அடுத்த நெருக்கடி மாநிலக் கருவூலத்தை வாட்டியது. பள்ளிகளுக்குரிய வட்டியைக் கொடுக்க அரசு தடுமாறியது. 1845-இல் சட்டமன்றம் ஒரு வழி கண்டது. பள்ளிக்கூடக் கடன்பத்திரங்களைத் தீயிட்டு எரிக்க ஆணையிட்டது! அரசு தன் சொந்தப் பிள்ளைகளுக்குப் பட்ட கடனைச் சாம்பலாக்கிவிட்டது. அப்பொழுது ஆளுநர் பதவியில் இருந்தவர் பழைய நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளுள் ஒருவரான வில்லியம் அவுஸ்லி.

இந்த முரண்பாட்டை என்னவென்று சொல்வது? தனிமனிதர்களின் கடன் ஒப்பந்தத்தை எவரும் குலைக்கக்கூடாது என்பதற்காகத் தம் பதவியையே பணயம் வைத்தவர் அவர். ஆனால் பள்ளிக்கூடத்திற்கு அரசு தந்த வாக்கு அவர் ஆட்சியிலேயே எரிந்தது. கடன்காரருக்கு வழக்கறிஞர் உண்டு, செய்தித்தாள் உண்டு, வாக்குரிமை உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு இவற்றில் எது உண்டு?

1847-இல் கல்விக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ராபர்ட் பிரெக்கின்ரிஜ் என்னும் சமயப் போதகர், எரிந்துபோன நிதியை மீட்டெடுக்கப் போராடினார். அவரும் ஒரு காலத்தில் பழைய நீதிமன்றக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்தான். கட்சிக்காரராக அன்றிப் பிள்ளைகளின் காவலராக அவர் ஊர் ஊராகப் பேசினார். சொத்தில் நூறு டாலருக்கு இரண்டு சென்ட் வீதம் பள்ளி வரி செலுத்த வாக்காளர்கள் தாமே முன்வந்து இசைவளித்தனர். 1850-இல் வந்த மாநில அரசமைப்பு, பள்ளி நிதியை வேறெதற்கும் தொடக்கூடாது என்று விதித்தது.

பேசப்படாதவர்கள்

இக்கதையை மாணவர்களுக்குச் சொல்லும் ஆசிரியர்கள் இன்னொன்றையும் மறைக்கலாகாது. 1820-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கென்டக்கியின் மக்கள்தொகை ஏறத்தாழ 564,000. அவர்களுள் ஏறத்தாழ 126,000 பேர் அடிமைகள். கடனுக்காக ஏலத்தில் விடப்பட்ட 'சொத்து' என்பதில் மாடும் கலப்பையும் மட்டும் அடங்கவில்லை, மனிதர்களும் அடங்கினர். முதலாளி கடன்பட்டால் அடிமைத் தாயின் பிள்ளை விற்கப்படலாம். கடன்பட்டவரின் உரிமை, கடன் கொடுத்தவரின் உரிமை என்று நாடே அதிர வாதிட்ட இரு கட்சிகளும் இவர்களுக்காக எந்த நீதிமன்றத்தையும் அமைக்கவில்லை, கலைக்கவுமில்லை. 1838-இல் பிறந்த பொதுப்பள்ளியும் வெள்ளையர் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளை அரசு எண்ணிப் பார்க்க உள்நாட்டுப் போர் முடியவேண்டியிருந்தது.

ஏழைக்காகப் பேசுகிறோம் என்று எவர் முழங்கினாலும், அந்த 'ஏழை' என்னும் சொல்லுக்குள் எவரெவர் அடங்குகிறார்கள் என்று கேட்கும் பழக்கத்தை நம் மாணவர்களுக்கு உண்டாக்கவேண்டும்.

எவர் பக்கம் நியாயம்?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். துன்பம் மெய்யானது, நிவாரணம் தேவையானது. ஊரே நெருக்கடியில் மூழ்கும்போது, ஒப்பந்தம் ஒப்பந்தமே என்று கைகட்டி நிற்பது அறமாகாது. சிறையை ஒழித்த சட்டம் அதனால்தான் இரு கட்சிகளையும் கடந்து நிலைத்தது. ஆனால் பாதி மதிப்புள்ள தாளை முழு மதிப்புக்கு ஏற்கச் சொன்னது, துன்பத்தைத் தீர்க்கவில்லை. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றியது. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை என்றதும் நீதிமன்றத்தையே கலைத்தது பெருந்தவறு. நமக்குப் பிடிக்காத தீர்ப்பு வந்தால் நடுவரையே மாற்றிவிடலாம் என்று பிள்ளைகளுக்கு எந்தத் திடலிலும் நாம் கற்றுத்தருவதில்லை.

அதே வேளையில், பழைய நீதிமன்றக் கட்சியையும் நான் முழுமையாகப் பாராட்டமாட்டேன். சட்டத்தைக் காத்தார்கள், உண்மை. ஆனால் நிலமிழந்த குடியானவருக்கு அவர்கள் காட்டிய மாற்று வழி என்ன? பொறுத்திரு, உழைத்திரு என்னும் அறிவுரைக்கு மேல் அவர்களிடம் அதிகம் இருக்கவில்லை. பசித்தவனுக்கு அறிவுரை பரிமாறினால், அவன் அடுத்த பந்திக்குத்தான் எழுந்து போவான். நிவாரணக் கட்சிக்கு அத்தனை வாக்குகள் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மலாய் மொழியில் நம் பிள்ளைகள் படிக்கும் பழமொழி ஒன்று உண்டு: யானையும் யானையும் பொருதினால் நடுவில் மடிவது சருகுமான். கென்டக்கியில் மோதிய யானைகள் இரண்டும் பிழைத்துக்கொண்டன. ஒன்று வாஷிங்டன் போயிற்று. மற்றொன்று ஆளுநர் மாளிகைக்குப் போயிற்று. சருகுமான் பள்ளி வாசலில் பதினேழு ஆண்டுகள் நின்றது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

பெற்றோர்களே, வீட்டில் கடனைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசத் தயங்காதீர்கள். கடன் வாங்கியவரெல்லாம் ஏமாற்றுக்காரர் அல்லர். கடன் கொடுத்தவரெல்லாம் கல்நெஞ்சரும் அல்லர். விலை ஏறும்போது வாங்கிய கடன், விலை இறங்கும்போது எப்படிக் கழுத்தை நெரிக்கிறது என்பதைச் சிறு வயதிலேயே அறிந்துகொள்ளட்டும்.

ஆசிரியர்களே, வரலாற்றை நல்லவர், கெட்டவர் என்று இரண்டு வரிசையில் நிறுத்திக் கற்பிப்பது எளிது. பாரியும் கிளார்க்கும் எந்த வரிசையில் நிற்பார்கள்? மாணவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைக் கடன்பட்டவர் பக்கமும் மறு குழுவைக் கடன் கொடுத்தவர் பக்கமும் வாதிடச் சொல்லுங்கள். பாதி நேரம் கழிந்ததும் பக்கத்தை மாற்றுங்கள். நான் அவ்வாறு செய்து பார்த்தேன். மாற்றிய பிறகு பேசியவர்களின் குரலில் சூடு குறைந்திருந்தது, சிந்தனை கூடியிருந்தது.

நம் அனைவருக்கும் பொதுவாக ஒன்று. பள்ளிக்கு வரும் உதவியை ஒரு கட்சியின் வெற்றியோடும் ஒரு மனிதரின் செல்வாக்கோடும் முடிச்சுப் போட்டுவிடக்கூடாது. அந்தச் செல்வாக்கு சரியும் நாளில் பள்ளியும் சரியும். கென்டக்கி மக்கள் இதைக் கற்றுக்கொள்ள 1821-இலிருந்து 1850 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. பள்ளி நிதியை எவரும் தொடக்கூடாது என்று அரசமைப்பில் எழுதிய பிறகே அவர்கள் ஓரளவு ஆறுதல் அடைந்தனர்.

அந்த மாணவனின் கேள்விக்கு அடுத்த பாடவேளையில் இப்படித்தான் விடை சொல்லப்போகிறேன்: "ஆம் தம்பி, கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். பெரியவர்கள் தங்களுக்குள் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது என்று சண்டையிட்டார்கள். உன்னைப் போன்ற பிள்ளைகளுக்குப் பட்ட கடனை அவர்கள் மறந்துவிட்டார்கள். நீ பெரியவனாகும்போது அதை மறவாதே."

உங்கள் கருத்துகளையும் அறிய விழைகிறேன். மாற்றுக் கருத்து இருப்பினும் தயங்காமல் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு ஏற்பேன்.